'உலக இசை' எந்த நாட்டு இசை?

சென்ற கல்வியாண்டில் ஒருநாள் இசை வகுப்பு முடிந்து சுருதிப் பெட்டியை உறையிலிட்டுக் கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், வேர்ல்டு மியூசிக் என்று ஒன்று இருக்கிறதாமே. அக்கா ஃபோனில் பாட்டெல்லாம் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அதில் பார்த்தேன். அது எந்த நாட்டு மியூசிக்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உலக இசை என்றால் எல்லா நாட்டு இசையும்தான் அம்மா" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவள் நகரவில்லை. "அப்படியானால் இங்கிலீஷ் பாட்டு ஏன் அதில் இல்லை? அதைத் தனியாக அல்லவா வைத்திருக்கிறார்கள்? இங்கிலாந்தும் உலகத்தில்தானே இருக்கிறது?" என்றாள்.

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மணியடித்தது, தப்பினேன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை. விடுமுறையில் தேடிப் படித்தவற்றை இவ்வாண்டு மலரில் அவளுக்கும், அவளைப் போன்ற மற்ற மாணவியருக்கும், படிக்க விரும்பும் பெற்றோர்க்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. 'உலக இசை' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டு வந்தவர் எனக் கருதப்படுபவர் ராபர்ட் பிரௌன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். அவர் எதைக் கற்றுப் பட்டம் பெற்றார் தெரியுமா? நம் மிருதங்கத்தை! தென்னிந்தியாவின் மிருதங்க வாசிப்பைப் பற்றி ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். மேனாட்டுச் செவ்விசையை மட்டுமே 'இசை' என்று கற்பித்து வந்த கல்விக்கூடங்களில், பிற நாட்டினரின் இசையையும் அந்தந்த நாட்டுக் கலைஞரையே அழைத்துவந்து கற்பிக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். அந்தப் பாடத்திட்டத்திற்குத்தான் அவர் 'உலக இசை' என்று பெயர் சூட்டினார்.

1963ஆம் ஆண்டு மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதன் அங்கே ஆசிரியராகச் சென்றார். இவர் வீணை தனம்மாளின் பேரன். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி. இவருடைய சகோதரர் டி. விஸ்வநாதன் புல்லாங்குழல் வித்துவான். அவரும் பின்னர் அங்கேயே கற்பித்தார். விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் பாடி, 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று ரசிகர்களால் அன்புடன் அழைக்கப்பட்டார். 1984ஆம் ஆண்டு விபத்தொன்றில் அவர் மறைந்தது நம் இசையுலகிற்குப் பேரிழப்பு.

அந்த வகுப்பறையை மாணவியர் ஒரு கணம் கற்பனை செய்து பாருங்கள். அமெரிக்க மாணவன் ஒருவன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ரங்கநாதன் முன்னிலையில் 'தத்தித் தொந்நம்' என்று முதற் பாடத்திலிருந்து தொடங்குகிறான். ஆசிரியர்க்குப் பெயர் உண்டு. அவர் இசைக்கு ஊர் உண்டு, தாளம் உண்டு, இலக்கணம் உண்டு. உலக இசை என்றால் அங்கே பொருள் இதுதான்: உலகில் இசை பல, ஒவ்வொன்றையும் அதற்குரியவரிடம் போய்க் கற்றுக்கொள்.

இதே 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் மக்களுக்குத் தமக்கே உரிய இசை மரபுகள் உள்ளன, அவற்றுக்குத் தக்க மதிப்பும் வழிபாட்டில் இடமும் தரப்பட வேண்டும் என்று அது கூறியது. நம் சிற்றாலயத்தில் தபேலா ஒலிக்கத் தமிழில் பாடுகிறோமே, அதற்கு வழி திறந்தது அந்த ஏடு. ஒரே ஆண்டில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு திருச்சங்கமும் 'இசை என்பது ஒன்றன்று, பல' என்று ஒப்புக்கொண்டதை நினைத்துப் பார்க்கையில் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் ஃபோனில் நம் மாணவி கண்ட 'உலக இசை' இந்த வகுப்பறையிலிருந்து வந்ததன்று. அது கடையிலிருந்து வந்தது.

1987ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள். இலண்டன் நகரின் இஸ்லிங்டன் பகுதியில் 'எம்பிரஸ் ஆஃப் ரஷ்யா' என்ற மதுக்கடையின் மாடி அறை. (பள்ளி மலரில் மதுக்கடையைக் குறிப்பிடுவதை அருட்சகோதரியர் பொறுத்தருள வேண்டும்; வரலாறு அங்கேதான் நடந்தது.) சிறு இசைத்தட்டு நிறுவனங்களை நடத்துவோர், வானொலியில் இசை நிகழ்ச்சி நடத்துவோர், இசை இதழாளர் எனச் சிலர் அங்கே கூடினர். அவர்களுக்கு ஒரு தொல்லை. ஆப்பிரிக்க நாடுகள், பாகிஸ்தான், பல்கேரியா முதலிய இடங்களின் இசைத்தட்டுகளை அவர்கள் விரும்பி வெளியிட்டு வந்தார்கள். கேட்க ஆளும் இருந்தது. முந்தைய ஆண்டில்தான் பால் சைமன் என்ற அமெரிக்கப் பாடகர் தென்னாப்பிரிக்கக் கலைஞரோடு சேர்ந்து வெளியிட்ட 'கிரேஸ்லாண்ட்' இசைத்தட்டு உலகெங்கும் விற்பனையாகியிருந்தது. ஆனால் கடைக்காரருக்கோ இந்தத் தட்டுகளை எந்த அடுக்கில் வைப்பது என்று புரியவில்லை. பாப் இசையில் வைப்பதா? நாட்டுப்புற இசையில் வைப்பதா? வாங்க வந்தவர் தேடிக் காணாமல் திரும்பிப் போனார்.

எனவே கடைகளில் அடுக்கின்மேல் ஒட்டுவதற்கு ஒரே பெயர் தேவைப்பட்டது. 'வெப்பமண்டல இசை' என்றார் ஒருவர். 'வேர்' என்றார் ஒருவர். 'இனக்குழு இசை' என்றும் ஒரு யோசனை வந்தது. இறுதியில் யாரையும் விலக்காத பெயர் என்று 'வேர்ல்டு மியூசிக்' தெரிந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரை 'உலக இசை மாதம்' என அறிவித்தார்கள். கடைகளுக்குப் பெயர் அட்டைகள் அனுப்பப்பட்டன. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் செய்த விளம்பரம்தான். சில ஆயிரம் பவுனுக்குள் முடிந்தது. அவ்வளவு சிறு செலவில் உலகின் முக்காற்பங்கு இசைக்குப் பெயர் வைத்தாயிற்று!

அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இசையை நேசித்தவர்கள். அந்தப் பெயரால் நன்மையும் விளைந்தது. பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலியும், செனகல் நாட்டு யூசு என்டூரின் பாட்டும் அவற்றைக் கேட்டறியாத வீடுகளுக்குச் சென்றன. 1997ஆம் ஆண்டு வெளிவந்த 'போயனா விஸ்டா சோஷியல் கிளப்' என்னும் இசைத்தட்டால், கியூபாவில் மறக்கப்பட்டுக் கிடந்த முதிய கலைஞர்கள் தம் எழுபது, எண்பது வயதில் உலகப் புகழ் பெற்றார்கள்.

ஆயினும் அந்த அடுக்கில் இருப்பவற்றைச் சற்று உற்றுப் பாருங்கள். கவ்வாலி, கைதட்டலும் தபேலாவும் ஆர்மோனியமும் சூழ, ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாடி உச்சத்திற்கு ஏற்றும் இறையிசை. மாலி நாட்டின் கோரா, சுரைக்குடுக்கையில் 21 நரம்புகள் பூட்டிய யாழ் போன்றது. பல்கேரியப் பெண்கள் பாடற்குழு, அடுத்தடுத்த சுரங்களை ஒரே நேரத்தில் மோதவிட்டு ஒலிப்பது. அவர்களுடைய ஏழெண்ணிக்கைத் தாளம் நம் மிச்ர சாபுவை நினைவூட்டும். இம்மூன்றுக்கும் பொதுவான இராகம் உண்டா? தாளம் உண்டா? கருவி உண்டா? ஒன்றுமில்லை. அவற்றுக்குப் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: அவை இலண்டன் கடைக்காரரின் மற்ற அடுக்குகளில் அடங்காதவை.

நம் வீடுகளில் அம்மா மாதக் கணக்கு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி, பருப்பு, பால், பள்ளிக் கட்டணம், வாடகை என்று வரிசையாக எழுதிவிட்டு, எதிலும் சேராதவற்றைக் கடைசியில் 'இதரம்' என்று போடுவார்கள். பாட்டிக்கு மருந்தும் இதரம்தான், தம்பியின் பட்டமும் இதரம்தான். 'உலக இசை' என்பது இசைத்தட்டுக் கடையின் இதரம். இங்கிலீஷ் பாட்டு ஏன் அதில் இல்லை என்ற கேள்விக்கு விடை இதுவே. கணக்கு எழுதுபவர் தம் அரிசி பருப்பை இதரத்தில் சேர்ப்பதில்லை.

நம் முன்னோர் வேறுவிதமாகச் செய்தனர். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் கருப்பொருள் படித்திருப்பீர்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று வரும் அப்பட்டியலில் தொல்காப்பியர் பறையையும் சேர்த்தார் அல்லவா? குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. எந்த நிலத்தையும் இதரத்தில் தள்ளவில்லை. ஒவ்வொரு நிலத்திற்கும் அதனதன் தொழிலோடு ஒட்டிய பறையும், அதற்கென ஒரு பெயரும் இருந்தன. தேர்வுக்காக இந்தப் பட்டியலை நெட்டுருப் போட்ட காலத்தில் இதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

இனி, அந்த அடுக்கில் நம்மவர் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், பெருமையோடு! 1970களின் நடுவில் ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிதார் கலைஞர் 'சக்தி' என்ற குழுவைத் தொடங்கினார். வயலினுக்கு எல். சங்கர், தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்திற்கு நம் தமிழ்நாட்டு 'விக்கு' விநாயக்ராம். கடம் என்றால் மானாமதுரை மண்ணும் குயவர் கையும் நினைவுக்கு வரும். அந்த மண்பானை அமெரிக்க மேடைகளில் கிதாருக்கு ஈடுகொடுத்து ஒலித்தது. அப்போது 'உலக இசை' என்ற அடுக்கே கிடையாது என்பதைக் கவனிக்க.

பின்னர் அமெரிக்காவின் கிராமி விருதில் 'சிறந்த உலக இசைத்தட்டு' என்ற புதுப் பிரிவு ஏற்படுத்தப்பட்டு, 1992ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்டது. முதல் விருதைப் பெற்றது மிக்கி ஹார்ட் என்பவரின் 'பிளானெட் டிரம்'. நைஜீரியா, பிரேசில், பியூர்ட்டோ ரிக்கோ, இந்தியா ஆகிய இடங்களின் தாளக் கலைஞர் ஒன்றுசேர்ந்த இசைத்தட்டு அது. அதிலும் விநாயக்ராமின் கடம் இருந்தது. உலக இசைக்கான முதல் விருதிலேயே தமிழ்நாட்டு மண்பானைக்குப் பங்குண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்? 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் 'சக்தி' குழுவின் 'திஸ் மொமெண்ட்' இசைத்தட்டு விருது பெற்றபோது, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அக்குழுவில் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

இளையராஜாவையும் இங்கே சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டு, இலண்டன் கூட்டத்திற்கு ஓராண்டு முன்பாக, தியாகராஜரையும் ஜெர்மனியின் பாகையும் ஒருங்கே வணங்கி அவர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹௌ டு நேம் இட்' என்பது. இதற்கு எப்படிப் பெயரிடுவது என்பது பொருள். பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் இதைக் கேள்வியாகவே விட்டுவைத்தார். மதுக்கடை மாடியில் கூடியவர்களுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

பெயர் எப்படியிருந்தால் என்ன, இசை பரவினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஒரு தாலாட்டின் கதையைப் படிக்கும் வரையில்.

பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுகள் என்றொரு நாடு. அங்கே மலைட்டா என்ற தீவில் ஹியூகோ செம்ப் என்ற இசை ஆய்வாளர் 1970ஆம் ஆண்டளவில் பாடல்களைப் பதிவு செய்தார். அஃபுனாக்வா என்ற பெண் ஒரு தாலாட்டுப் பாடினாள். பெற்றோரை இழந்த தம்பியை மூத்த குழந்தை தேற்றும் பாட்டு அது. 1973ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அந்தப் பதிவு வெளியாயிற்று. இருபது ஆண்டு கழித்து, 1992இல், 'டீப் ஃபாரஸ்ட்' என்ற பிரெஞ்சு இசைக்குழுவினர் அவள் குரலை எடுத்து மின்னிசைத் தாளத்தோடு கலந்து வெளியிட்டனர். அது நாடெங்கும் விற்றது. விளம்பரங்களில் ஒலித்தது. அந்த இசைத்தட்டு உலக இசைக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பாடிய பெண்ணின் பெயர் அதில் இல்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 1996ஆம் ஆண்டு யான் கார்பரெக் என்ற நார்வே நாட்டுக் கலைஞர் அதே மெட்டை வாசித்து வெளியிட்டார். நல்ல கலைஞர், தீய எண்ணம் உடையவரல்லர். அவர் அதற்கிட்ட பெயர் 'பிக்மி தாலாட்டு'. பிக்மி மக்கள் வாழ்வது நடு ஆப்பிரிக்கக் காடுகளில். சாலமன் தீவுகளோ பூமிப்பந்தின் மறுபக்கத்தில்! எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் போட்டால், ஒரு தாயின் பாட்டு எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது என்பதுகூடத் தொலைந்து போகும். நம் தாலாட்டுகளில் மாமன், அத்தை, பாட்டி என்று உறவையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். அதைப் பாடிய அம்மாவின் பெயரை மட்டும் யாரோ அழித்துவிட்டு, ஊரையும் மாற்றி எழுதினால் நம் மனம் என்ன பாடுபடும்?

இது நம் பகுதிக்குப் புதிய செய்தியும் அன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலால் வாழும் ஊர்களைச் சேர்ந்தவர்கள் நாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு இங்கே பதனிட்ட தோல், பாதி வேலை முடிந்த நிலையில் கப்பலேறி இலண்டன் முதலிய சந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அதற்குச் சந்தையில் பெயர் 'ஈ.ஐ.', அதாவது கிழக்கிந்தியத் தோல். கம்பெனி ஆட்சி முடிந்து நூறாண்டு ஆன பின்னரும் கம்பெனியின் பெயர்தான்! மெருகேற்றுவதும் காலணி ஆக்குவதும் அங்கே. ஆகவே இலாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே. 1970களில் அரசு பச்சைத்தோல், அரைகுறைத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகுதான் முழுத்தோலும் ஷூவும் இங்கே பெருகின. இன்று உங்களில் பலருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார்கள். அந்த ஷூவின் உள்ளே அச்சிட்ட பெயர் யாருடையது என்று நீங்கள் அறிவீர்கள். ஆம்பூரின் பெயரைத் தாங்கி ஊர் ஊராகச் செல்வது பிரியாணி ஒன்றுதான்.

இசைக்கருவியிலும் தோல் உண்டு. ஆனால் அது டேனரித் தோல் அன்று. பதனிட்ட தோல் ஒலிக்காது. மயிர் நீக்கி, நீட்டி, வெயிலில் காயவைத்த பச்சைத் தோல்தான் பேசும். மிருதங்கத்திற்குப் பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் வேண்டும். அதைப் பார்த்து வாங்கி, அறுத்து, வார் பிடித்து, சுருதி சேரும்வரை மூட்டுகிறவர் யார்? 2020ஆம் ஆண்டு டி. எம். கிருஷ்ணா என்ற பாடகர் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூலில் இக்கேள்வியைக் கேட்டார். மிருதங்கம் செய்வோரின் வரலாறு அது. அவர்களுள் பலர் தலித் கிறித்தவர். தஞ்சாவூர்ச் செபாஸ்டியன் குடும்பத்தின் வழிவந்த பர்லாந்து என்பவர் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர். இருவரும் சேர்ந்தே அக்கருவியின் ஒலியைத் திருத்தி அமைத்தார்கள். மணி ஐயரின் பெயரை இசை அறிந்தோர் அனைவரும் அறிவர். பர்லாந்தின் பெயரை, மிருதங்கம் பற்றிப் பாடம் நடத்துகிற நானே அந்நூலைப் பற்றி அறிந்த பிறகுதான் அறிந்தேன். வெஸ்லியனில் ஒலித்த மிருதங்கங்களுக்கும் அப்படிச் செய்தவர் ஒருவர் இருந்திருப்பார்.

இதையும் அயல்நாட்டார் தலையில் போட முடியாதல்லவா?

அண்மைக் காலச் செய்தி ஒன்று உங்களுக்கே தெரியும். 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை நம் பள்ளியில் முணுமுணுக்காத மாணவி இல்லை. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. வரிகளை எழுதிய அறிவு நமக்கு அருகிலுள்ள அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அதில் வைத்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் மற்றொரு பாடகரும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. தீயின் திறமையை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர் எங்கே என்று இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் வெளிப்படையாகக் கேட்டார்கள். பிறகு அவ்விதழ் அறிவின் படத்தோடு தனி அட்டை ஒன்றை வெளியிட்டது. கேட்ட பிறகு வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

'உலக இசை' என்ற பெயருக்கு எதிர்ப்பு அயல்நாட்டிலேயே எழுந்தது. டேவிட் பைர்ன் என்ற அமெரிக்க இசைக்கலைஞர், தாமே பிற நாட்டு இசைத்தட்டுகளை வெளியிடுபவராக இருந்தும், 1999ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் இதழில் அந்தப் பெயரை வெறுப்பதாகக் கட்டுரை எழுதினார். தம்மைச் சாராத அனைத்தையும் ஓரமாக ஒதுக்கும் பெயர் அது என்பது அவர் வாதம். 2020 நவம்பரில் கிராமி விருதுக் குழுவினரும் அந்தப் பெயரில் குடியேற்ற ஆட்சியின் சாயல் இருப்பதை ஒப்புக்கொண்டு, பிரிவின் பெயரைச் 'சிறந்த குளோபல் இசைத்தட்டு' என்று மாற்றினர். வேர்ல்டு போய்க் குளோபல் வந்தது. எனக்கு இதில் பெரிய நிறைவில்லை. இதரம் என்பதை அழித்துவிட்டு 'பிற' என்று எழுதினால் கணக்கு மாறிவிடுமா? பெயர் அட்டையை மாற்றினார்கள், அடுக்கு அப்படியே இருக்கிறது. தனித்தனியாக எடுத்து ஊரும் பேரும் சொல்லி வைக்கும்போதுதான் அது கலையும். அதற்கு உழைப்பு அதிகம் வேண்டும். வெஸ்லியனில் செய்ததுபோல் ஒவ்வொன்றையும் அதற்குரியவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

இவ்வளவும் படித்து முடித்து, நான் நல்லறிவு பெற்றுவிட்டதாக எண்ணியிருந்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு ஒரு தாள் கொடுத்தேன். 'உங்கள் வீட்டில் இசை அறிந்தவர் யார்? எவ்வகை இசை?' என்று கேட்டு, குறியிடக் கட்டங்களும் போட்டிருந்தேன். ஆர்வத்தோடு எழுதினார்கள். அத்தை வீணை வாசிப்பதாக ஒருத்தி எழுதினாள். ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் தந்தையைப் பற்றி இன்னொருத்தி. ஆர்மோனியமும் 1840களில் பாரிசில் பிறந்து நம்மிடம் வந்த கருவிதான். நம் வானொலி நிலையங்கள் 1940 முதல் 1971 வரை அதை நம்முடையதன்று என்று விலக்கி வைத்திருந்தன. இன்று யார் அப்படிச் சொல்வார்கள்?

முதலில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் தாளில் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கீழே 'எங்கள் வீட்டில் யாருக்கும் இசை தெரியாது' என்று எழுதியிருந்தாள். தனியே அழைத்துக் கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா மேளம் அடிப்பார் டீச்சர். சாவு மேளம். அது இசை இல்லையே, அதற்குக் கட்டமும் இல்லை" என்றாள்.

தாளை எடுத்துப் பார்த்தேன். கர்நாடக இசை, மேனாட்டு இசை, ஆலய இசை, திரையிசை என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவதாக, என் கையெழுத்திலேயே, 'இதர'.

தொண்டகப் பறையையும் துடியையும் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னேன். 2025ஆம் ஆண்டு அலங்காநல்லூர் வேலு ஆசான் பறைக்காகப் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்; ஆனால் நம்பினாளா என்று தெரியவில்லை. மறுவாரம் அவள் தாத்தாவே பள்ளிக்கு வந்தார். காலணியை வாயிலில் கழற்ற முனைந்தவரைத் தடுத்து அலுவலக அறையில் அமரச் செய்தார் தலைமையாசிரியையான சகோதரி. இந்த ஆண்டு விழாவில் பறை இசைத்து, மாணவியருக்கு அரைமணி நேரம் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். எந்த அடி அடிக்க வேண்டும் என்று கேட்டார். சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்திற்கு ஓர் அடி, ஊருக்குச் சேதி சொல்ல ஓர் அடி. எல்லாம் கலந்து அடித்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்றார். நான் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.

விழா அழைப்பிதழில் அவர் பெயரும் ஊரும், கூட வாசிக்கும் மூவரின் பெயர்களும் அச்சாகின்றன. எழுத்துப் பிழை வராமல் பார்க்கும் பொறுப்பைப் பேத்தியே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். மேடையேறுமுன் தோலை நெருப்பில் காய்ச்சினால்தான் கணீரென்று ஒலிக்கும். அதற்கு வைக்கோல் இரண்டு கட்டு வேண்டுமென்று சொல்லியிருக்கிறார். பந்தலுக்குத் தள்ளி, சமையற்கூடத்தின் பின்புறம் இடம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள்.